கைவாகு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாருடைய நட்பையும் கேட்கவில்லை. கேரம் விளையாடத்தான் கேட்டேன்.

ஓசூரில் ஒரு ரோஜாப்பூக் கொட்டகையில் எனக்கு வேலை. காம்பை அளந்து, நீளத்துக்கு ஏற்றபடி பிரித்து, கட்டுக் கட்டாக வைக்க வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு வெளியே வரும்போது நாலு விரலிலாவது பிளாஸ்திரி இருக்கும். விடுதி அறைக்கு வந்து ஒரு டீ போட்டுக்கொண்டு, போனில் இரண்டு ஆட்டம் கேரம். என் முழு ஆடம்பரமும் அவ்வளவுதான்.

'கூட்டாளி' என்ற அந்தச் செயலியில் பாக்கியம் என்ற பெயரில் சேர்ந்தேன். என் நிஜப் பெயர் ஜெசிந்தா. புதுப் போன், புது எண், புது ஊர். முகப் படம் கேட்டார்கள், ஒரு கத்தரிக்காயின் படத்தைக் கொடுத்தேன். மூன்றாவது நாள், சிவப்புக் காயான ரெட்டைப் போட்டு, கூடவே ஃபாலோ காயையும் போட்டு ஜெயித்த குஷியில் இருந்தபோது திரையெங்கும் பலூன் பறந்தது.

"உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்: டெரன்ஸ் மொறாயிஸ். உறவு: கணவர். உங்கள் கைவாகு அவர் மனைவியுடையதோடு 93 சதவீதம் பொருந்துகிறது. ஒரு வணக்கம் சொல்லுங்களேன்!"

போனைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டேன். டெரன்ஸ் என் கணவன்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் அவன் வீட்டிலிருந்து, உடைந்த முன்பல்லோடும் ஒரு துணிப்பையோடும் ஓடி வந்தவள் நான். அதற்கு முன்பு ஒரு முறை மதுரைக்கு ஓடினேன். பதினோராம் நாள் வந்து நின்றான். "அடுத்த தடவ ஓடினா கூட்டிட்டுப் போக வரமாட்டேன், முடிச்சிட்டுப் போகத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கூட்டிப்போனான். அவன் சொன்னதைச் செய்கிற ஆள். இந்தச் செயலி அவனுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் புகார்ப் பிரிவுக்குப் போன் போட்டேன். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று இருபது நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு ஒரு ஆண்குரல் வந்தது.

"வணக்கமுங்க, கூட்டாளியில இருந்து கிருபாகரன் பேசறேனுங்க."

"நான் பேரை மாத்தியிருக்கேன், போனை மாத்தியிருக்கேன். எப்படிங்க என் புருஷனைக் கொண்டாந்து காட்டுறீங்க?"

"அதுங்க, நீங்க முன்னால தம்பதிக் கணக்குல விளையாடியிருக்கீங்க. விரலை எவ்வளவு நேரம் வெச்சிருக்கீங்க, எந்தக் காயை மொதல்ல பாக்கறீங்க, எப்பத் தயங்கறீங்க, இதையெல்லாம் சேத்துத்தானுங்க கைவாகு. கையெழுத்து மாதிரி. பேரை மாத்தினாலும் அது மாறாதுங்க."

"விரல்ல பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் ஆடினேன்."

"அதையும் கழிச்சிட்டுத்தானுங்க கணக்குப் பண்ணும்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"சரி, அவனுக்கும் என்னைக் காட்டியிருக்கா?"

"ஆமாங்க. நீங்க சேந்த அன்னிக்கே காட்டிடுச்சுங்க. ஒருத்தருக்கு மட்டும் காட்டினா நியாயமில்லீங்களே."

நியாயம் என்ற சொல்லை இப்படி ஒரு இடத்தில் வைக்க முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"நான் இருக்கிற ஊரு?"

"ஊரு உடனே தெரியாதுங்க. முப்பது நாள் விடாம வந்து விளையாடறவங்களுக்குப் பரிசா, தெரிஞ்சவங்க இருக்கற ஊரைக் காட்டுவோம். நேர்ல போய்ப் பாத்துக்கலாம்ங்கறதுக்காக. ரொம்பப் பேரு சந்தோஷப்பட்டிருக்காங்க."

டெரன்ஸின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தீச்சுவாலைப் படம் இருந்தது. அடியில் 'தொடர்ச்சி: 4 நாள்'. அதுவரை அது ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். ஒரு வேலையிலும் நாலு நாள் சேர்ந்தாற்போல நிற்காதவன், என் பெயரைப் பார்த்ததும் ஒழுங்காக வர ஆரம்பித்திருக்கிறான்.

"கணக்கை அழிச்சிடுங்க."

"கணக்கை அழிக்கலாமுங்க. கைவாகை அழிக்க முடியாதுங்க. அது நீங்க குடுத்த தகவல் இல்லையே, நாங்க பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. நீங்க தெருவுல நடந்து போறீங்க, நாலு பேரு பாக்கறாங்க. பாத்ததை மறந்துருங்கன்னு சொல்ல முடியுங்களா? கணக்கை அழிச்சாலும் கடைசியா இருந்த ஊரு அப்படியே நிக்குமுங்க."

"அவனைத் தடுத்து வைக்கலாம்ல?"

"தடுக்கற வசதியைப் போன வருஷம் எடுத்துட்டோமுங்க. வட்டத்துக்குள்ள மனஸ்தாபம் வருதுன்னு. பழைய தடையெல்லாம் அப்படியே இருக்கு. புதுசா போட முடியாதுங்க."

நான் கத்தினேன். கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பல் உடைந்ததிலிருந்து மதுரை வரை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். கிருபாகரன் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"புகாரைப் பதிஞ்சுக்கறேனுங்க, 'தவறான அடையாளம்'னு. அது மேல போயி வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள ஒண்ணு பண்ணுங்க. நான் சொன்னதா இருக்க வேண்டாம். தொடர்ந்து மூணு வாரம் உங்க ஆட்டம் வேற மாதிரி இருந்துச்சுன்னா, இது வேற ஆளுன்னு அதுவே முடிவு பண்ணிக்கும். சும்மா தப்புத் தப்பா ஆடினா ஏமாத்தறதா எடுத்துக்குமுங்க. ஒரு நிஜ ஆளு ஆடற மாதிரி இருக்கணும்."

எதிர் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "விளையாடாம இருந்திருந்தா இந்த வம்பே இல்ல பாரு" என்றாள். நல்ல பெண்தான், எனக்கு அறை பிடித்துக் கொடுத்தவள். ஆனாலும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே போகாதே, சிரிக்காதே, போன் பேசாதே என்று ஆறு வருடம் ஒருத்தன் சொன்னான். இப்போது விளையாடாதே. அடிக்கிறவன் ஆடலாம், அடிபட்டவள் ஆடக் கூடாது. என்ன கணக்கு இது?

நிஜ ஆள் மாதிரி என்றதும் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் நினைவுக்கு வந்தான். என் தம்பி ரீகன்.

பதினைந்து வருடம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து கேரம் ஆடியிருக்கிறேன். எனக்கு நிதானம். ஒரு காயை மூன்று தரம் பார்ப்பேன். அவனுக்கு அவசரம். ஸ்ட்ரைக்கரை இரண்டு தட்டுத் தட்டுவான், உடனே அடி. ரெட் எங்கே இருந்தாலும் முதலில் அதற்குத்தான் பாய்வான், ஃபாலோ இருக்கிறதா இல்லையா என்று பார்க்கமாட்டான். பின்பக்கத்துக் காயைக் கட்டைவிரலால் 'தம்ஸ்' அடிப்பதில் தனி வெறி. பத்தில் ஏழு வெளியே போகும். மீதி மூன்றைப் பார்த்துத் தெருவே கைதட்டும்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு புயலில் அவன் போன படகு திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை.

செத்துப்போன தம்பியின் கையை எடுத்து மாட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தேன். முதல் வாரம் தொடர்ந்து தோற்றேன். யாரோ சேலத்துக்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். பல்லைக் கடித்துக்கொண்டு ரீகனாகவே ஆடினேன். குழியின் வாயில் ஒரு காய் உட்கார்ந்து 'வா வா' என்னும், அதை விட்டுவிட்டு ரெட்டுக்குப் பாய வேண்டும். இரண்டு தட்டு, அடி. இரண்டு தட்டு, அடி. நிதானமான மனுஷிக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று ஆடிப் பார்த்தால்தான் தெரியும். தீச்சுவாலையின் அடியில் எண் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டு. பதினெட்டு. இருபத்து மூன்று. வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்த எண்ணைத்தான் பார்த்தேன்.

இருபத்தாறில் டெரன்ஸ் காணாமல் போனான். பட்டியலில் அவன் பெயர் இல்லை. விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மறுபடியும் பலூன்.

"உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்: ரோசம்மாள் பெர்னாண்டோ. உறவு: தாய். உங்கள் கைவாகு 91 சதவீதம் பொருந்துகிறது. நீண்ட நாளுக்குப் பிறகு வந்திருக்கிறீர்கள், ரீகன்! அம்மாவுக்குத் தகவல் சொல்லிவிட்டோம்."

சொல்லிவிட்டார்களாம்.

தூத்துக்குடியில் அம்மா வீட்டில் ஒரு பழைய டேப்லெட் இருக்கிறது. ரீகன் வாங்கியது. அவனும் அம்மாவும் அதில் கூட்டாளியைப் போட்டுத்தான் ஆடுவார்கள். அவனோடு ஆடும்போதெல்லாம் அம்மா ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஒவ்வொரு தோல்விக்கும் "கரிமுடிவான்!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி வைவாள். அவன் சிரிப்பான். அதே டேப்லெட்டில் இப்போது பலூன் பறந்து, உன் மகன் வந்துவிட்டான், வரவேற்பாயாக என்று சொல்லியிருக்கிறது. உடல் கிடைக்காததால் அவன் எங்கோ இருக்கிறான் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு.

கிருபாகரனைப் பிடித்தேன். இந்தத் தடவை வீணை முப்பது நிமிடம்.

"செத்தவனை எப்படிங்க அனுப்பி வெப்பீங்க?"

"இறந்ததுக்குச் சான்று எங்ககிட்ட யாரும் குடுக்கலீங்களே. கணக்கு சும்மாத்தானுங்க இருந்துச்சு." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஒரு வகையில நல்லதுங்க. உங்க தம்பி அந்தக் காலத்துலயே டெரன்ஸைத் தடுத்து வெச்சிருக்காரு. பழைய தடை. ரீகன்ங்கற பேருல நீங்க இருக்கற வரைக்கும் அந்தாளுக்கு உங்களைக் காட்டவே காட்டாது."

எப்போது தடுத்தான் என்பது எனக்குத் தெரியும். நான் முதல் தடவை வீங்கிய கன்னத்தோடு அம்மா வீட்டுக்கு வந்த அன்று. அன்று சாயங்காலம் டேப்லெட்டை எடுத்து ஏதோ அமுக்கினான். "உன்னால ஆனது இவ்வளவுதானால?" என்று அவனைத் திட்டினேன். பாவி, அதுதான் இப்போது என்னைக் காப்பாற்றுகிறது.

அன்று மாலை ஆறு மணிக்கு அம்மா ஆட்டத்துக்கு அழைத்தாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, பேசினால் அது எழுத்தாகி வரும்.

"ஏல, வந்திட்டியா?"

'வந்துட்டேம்மா' என்று போட்டேன்.

"சாப்பிட்டியால?"

'சாப்பிட்டேன்.'

அவ்வளவுதான் கேட்டாள். எங்கே இருக்கிறாய், ஏன் வரவில்லை, எதுவுமில்லை. ஆடினோம். கடைசியில் ரெட் குழியின் வாயில் நின்றது, என் முறை. அம்மாவுக்கு ரெட் போடுவதென்றால் உயிர். சின்ன வயதிலிருந்தே நான் அதைத் தொடமாட்டேன், வேறு எதையாவது அடிப்பதுபோல அடித்து அவளுக்கு விட்டுவிடுவேன். அன்றைக்கும் கை தானாக அப்படித்தான் செய்தது. அம்மா ரெட்டைப் போட்டாள். பிறகு, "நாளைக்கும் வால" என்று மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு வந்தாள். நானும் போனேன். செய்வது அநியாயம் என்று தெரியும். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. டெரன்ஸ் அடுத்த தெருதான். மனம்போன நேரத்தில் அம்மா வீட்டுக்குள் நுழைந்து, போன், டேப்லெட் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போவான், என்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று. அதனால்தான் எட்டு மாதமாக அம்மாவுக்கு ஒரு வார்த்தை அனுப்பாமல் இருக்கிறேன். 'நான் ஜெசிந்தா' என்று இரண்டு சொல் போட்டால் போதும், அம்மாவின் தொடர்ச்சி முப்பது ஆனதும் அதே டேப்லெட்டில் ஊரைப் பார்த்துவிட்டு ஓசூருக்கு வண்டி ஏறிவிடுவான்.

ஒரு நாள் அம்மா சொன்னாள்: "டெரன்ஸ் வந்தான்ல. நீ ஆடுதத எடுத்துப் பாத்தான். கெழவிக்குக் கிறுக்கு முத்திட்டுன்னு சிரிச்சுட்டுப் போறான்." இதைச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைக் காயைப் போட்டாள். என் அம்மாவை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனே என்று அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது.

"மகிழ்ச்சியான செய்தி! 'தவறான அடையாளம்' என்ற உங்கள் புகார் ஏற்கப்பட்டது. இன்னும் இரண்டு நாளில் உங்கள் சரியான அடையாளம் மீட்கப்பட்டு, தெரிந்தவர்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படும்."

அதாவது நான் மறுபடி ஜெசிந்தா ஆவேன், டெரன்ஸுக்கும் தகவல் போகும். அவசரம் என்று கதறியபோது அசையாதவர்கள், வேண்டாம் என்கிறபோது ஓடி வருகிறார்கள்.

"புகாரை வாபஸ் வாங்குறேன்" என்றேன் கிருபாகரனிடம்.

"வாபஸ் வாங்கற வசதி இல்லீங்களே."

"ஏங்க, புகார் என்னோடது!"

"குடுக்கற வரைக்குந்தானுங்க உங்களது." அவனுக்கே சலித்துப்போயிருந்தது தெரிந்தது. "இருங்க. ஒரு வழி இருக்கு. நெருங்கின உறவு ஒருத்தரு 'இவருதான்'னு உறுதி சொல்லிட்டா சரிபார்ப்பு நின்னுடும். உங்கம்மாவுக்குக் கேள்வி அனுப்பட்டுங்களா? 'இவர் உங்கள் மகன் ரீகன்தானா'ன்னு போகும். ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு."

"இல்லைன்னு சொல்லிட்டா?"

"சொல்லுவாங்களா?"

சொல்லமாட்டாள். அதுதான் என்னைக் கொன்றது. நம்புகிறவளிடம் போய், நம்புகிறேன் என்று கையெழுத்து வாங்கி, அதை வைத்து நான் ஒளிந்துகொள்ளப் போகிறேன். அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மறுநாள் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எங்கள் ஊரில் அன்று எல்லாக் குடும்பமும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லாததால், அவரவர் வீட்டுக் கல்லறை ஓரத்திலேயே அவர்களுக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைப்பார்கள். அம்மா மட்டும் அப்பாவுக்கு ஒன்று கொளுத்திவிட்டுத் திரும்பிவிடுவாள். ரீகனுக்கும் வையுங்கள் என்று பங்குச் சாமியார் சொன்னதற்கு, "உசுரோட இருக்கவனுக்கு யாராவது மெழுகுவர்த்தி வைப்பாகளா சாமி?" என்று சண்டைக்குப் போனவள். நாலு வருடமும் ஒன்றே ஒன்றுதான்.

ஆறு மணிக்கு அம்மா வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. ஏழு மணிக்குப் பலகை திறந்தது.

"கல்லறைக்குப் போயிட்டு வாரேன்ல. கூட்டம்."

'சரிம்மா.'

"இந்த வருசம் ரெண்டு மெழுகுவர்த்தி கொளுத்தினேன்."

'ரெண்டா?' என்று போட்டேன்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணு. பக்கத்துல இன்னொண்ணு. நல்ல காத்து. ரெண்டும் அணையல."

அம்மா மேலே பேசினாள்.

"கம்பெனிக்காரன் கேள்வி கேட்டான், இது ஒங்க மவன்தானான்னு. ஆமான்னு அமுக்கிட்டேன். யோசிக்கவே இல்ல."

ஸ்ட்ரைக்கர் அவள் பக்கம் இருந்தது. அவள் அடிக்கவில்லை.

"ஏல, எம் பிள்ளையள்ல எனக்கு ரெட்டை விட்டுக்குடுக்கது ஒண்ணே ஒண்ணுதான். மொத நாளே விட்டுக்குடுத்திட்டியே."

கண்ணீர் விழுந்து திரை தானாக எதையெதையோ திறந்தது. துடைத்தேன். முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்டது யாரை, கிறுக்கு என்று அவன் சிரித்தபோது பேசாமல் இருந்தது யாருக்காக, எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிந்தது.

"இனிமே விட்டுக்குடுக்காத. எவனாவது பாத்துக்கிட்டே இருப்பான். ஒழுங்கா, ஒன்ன மாதிரி அடில, ரீகன்."

அம்மா ஆட்டத்தைத் தொடங்கினாள். காய்கள் சிதறின. மூலையில், குழியின் வாயில், தள்ளினால் விழுகிற மாதிரி ரெட் நின்றது. என் விரல் பழக்கத்தில் வேறு பக்கம் போகப் பார்த்தது. இழுத்துப் பிடித்தேன்.

இரண்டு தட்டு. அடி. ரெட் உள்ளே போனது. ஃபாலோவைப் பார்க்காமல் பின்பக்கத்துக் காயைத் தம்ஸ் அடித்தேன், அதுவும் போனது. அன்று எது அடித்தாலும் போனது. அம்மாவுக்கு ஒரு காய்கூட விடாமல், ஈவிரக்கம் பார்க்காமல், இருபத்தைந்துக்குப் பூஜ்யம் என்று அவளை மண்ணைக் கவ்வ வைத்தேன்.

திரையில் எழுத்து வந்தது.

"கரிமுடிவான்!"